இடதுபக்கம் உட்காரும் பஸ்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்த டைரி இது. வண்டி வேலையை மட்டும் குறித்து வைப்பது என் வழக்கம். இன்றைக்கு வேறு சிலதும் எழுத வேண்டியிருக்கிறது. மனசு சரியில்லை.

முதலில் வண்டி. திருச்செங்கோடு–சென்னை ஸ்லீப்பர் பஸ். டிரைவர் சென்னியப்பன். ஒரு நாள் பகல் நம் பட்டறை வாசலில் நிற்கும், மறுநாள் பகல் சென்னையில் நிற்கும். நின்றால் போதும், இடது பின்பக்கம் மெதுவாக உட்கார்ந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்குச் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு நான்கு விரல். அடியில் இரும்புப் பட்டை வைத்த வண்டியென்றால் இந்த வம்பே கிடையாது. இதற்கு ரப்பர் பலூன். பலூனில் காற்று நின்றால் வண்டி நிற்கும், எங்கேயாவது கசிந்தால் சாயும். ஓடும்போது என்ஜின் காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியாது.

சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன். எங்கும் குமிழி இல்லை. லெவலிங் வால்வுதான் என்று முடிவு செய்து மாற்றினேன். பலூனுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்துத் திறந்து மூடுகிற சாமான் அது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் பத்துக்கு எட்டு வண்டியில் அதுதான் குற்றவாளி.

இனி மற்ற விஷயம். சென்னியப்பன் வாசலில் நின்று யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். "பைபாஸ்ல வந்து அக்கா பட்டறை எங்கன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் சொல்லுவாங்க." வாசலுக்கு மேலே 'செங்கோட்டுவேல் ஏர் பிரேக் ஒர்க்‌ஷாப்' என்று இரண்டடி எழுத்தில் போர்டு இருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் சொன்னான்.

செங்கோட்டுவேல் நான். அக்கா என்பது என் மனைவி மைலாவதி.

மார்ச் 5, புதன்

மூன்று வருடத்துக்கு முன்னால் சோப்புக் குவளை பிடிக்க ஆள் இல்லை என்று நான்தான் அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவள் விசைத்தறிக் குடோனில் வேலை பார்த்தாள். எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாளாம். கல்யாணமான புதிதில் இதை ஒரு பெருமையாக நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் காதைத்தான் இப்போது பட்டறையில் வைத்திருக்கிறாள். முழ நீள நைலான் டியூப். ஒரு முனை காதில், மறு முனை ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில். முதலில் டிரைவர்கள் "டாக்டரம்மா வந்தாச்சு" என்று கேலி செய்தார்கள். இப்போது கேலி போய்விட்டது. "அக்கா ஒருவாட்டி வெச்சுப் பாத்தரட்டுங்" என்று காத்திருக்கிறார்கள். என்னிடம் "டீ சாப்டாச்சுங்ளாண்ணா" என்று கேட்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

பஸ் வந்தது. மதியத்துக்குள் உட்கார்ந்தது. புது வால்வு போட்டும்.

மைலாவதி டியூப்பை எடுத்துக்கொண்டு அடியில் போய்விட்டு வந்தாள். "ஏனுங்க, மேல எங்கியோ சத்தம் வருதுங்க. சன்னமா. பலூனுக்குத் தலைமாட்டுல."

"அது ரோட்டுச் சத்தம்" என்றேன்.

"ரோட்டுச் சத்தம் விட்டு விட்டு வருமுங்க. இது விடாம வருது."

சென்னியப்பன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் ஒரு டிரைவர். ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும் என்று தலையை ஆட்டுகிறான்?

மார்ச் 8, சனி

இடது பின் பலூனையே மாற்றினேன். காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை. முதுகு விட்டுப்போயிற்று. மாலை ஐந்து மணிக்கு அளந்தேன். ஆறு விரல் இறங்கியிருந்தது.

மைலாவதி தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஒவ்வொரு டியூப்பா கழட்டி அடைச்சு வெச்சுப் பாக்கலாங்க. ஒண்ண அடைச்சா ஒரு மணி நேரம் பொறுத்து அளக்கறது. அப்பவும் எறங்குச்சுன்னா அது நல்லா இருக்குதுன்னு விட்டுட்டு அடுத்தது. கடைசில எது மிஞ்சுதோ அதுதானுங்க."

அது சரியான முறை. எனக்கும் தெரியும். நான்கூட அப்படிச் செய்திருக்கிறேன், பொறுமை இருந்த காலத்தில். ஆனால் சென்னியப்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நீ போய்ச் சோத்தை வை" என்றேன்.

போய்விட்டாள். முகம் ஒன்றும் மாறவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பட்டறை லீவு. ஆட்டுக்கறிக் குழம்பு. நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

பெரியம்மா பேரனுக்கு ஈரோட்டில் நிச்சயம். காலையிலேயே போக வேண்டியதாயிற்று. "பஸ்ஸை நான் வந்து பாத்துக்கறேன், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் பட்டறை வாசலில் ஐந்தாறு டிரைவர்கள். நடுவில் மைலாவதி. கன்னத்தில் கிரீஸ். ஒவ்வொரு டியூப்பாக அடைத்து வைத்துப் பார்த்திருக்கிறாள், காலை ஏழு மணியிலிருந்து. கடைசியில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. பலூனின் தலையில், பஸ்ஸின் தரைக்கும் சேஸிஸுக்கும் நடுவே, என் கை நுழையாத சந்தில் ஒரு இணைப்பு. நட்டுக்கு உள்ளே நைலான் டியூப் மயிரிழையாக விரிசல் விட்டிருக்கிறது. என் நுரை அங்கே போய்ச் சேரவே இல்லை. அவள் கை சின்னது, நுழைந்துவிட்டது. டியூப்பின் நுனியை வெட்டிவிட்டுப் புது நட்டு போட்டு முறுக்கிவிட்டாள். மூன்று மணிநேரமாக வண்டி ஒரு விரல்கூட இறங்கவில்லை.

சென்னியப்பன் என்னிடம் வந்து, "அண்ணா, அக்காவ எங்கிருந்துண்ணா புடிச்சீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது என்று இங்கே எழுதுவதில் வெட்கம் இல்லை, இதை யார் படிக்கப் போகிறார்கள்.

"தொட வேண்டாம்னு சொன்னேனே" என்று அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"நீங்க அலைஞ்சுட்டு வருவீங்க, முதுகு வேற வலின்னீங்களேன்னு பாத்தேன்" என்றாள்.

ஏழு மணிக்கு வண்டி கிளம்புமுன் ஒருமுறை லக்கேஜ் தட்டைத் திறந்து பார்த்தேன். அதன் வழியாக அந்த நட்டுக்கு ஸ்பேனர் மட்டும் எட்டும். பதினேழாம் நம்பர் கையில் இருந்தது. முறுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவுதான். பொறுப்பான மெக்கானிக் யாராக இருந்தாலும் பார்ப்பான்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து சென்னியப்பன் போன். மைலாவதிதான் எடுத்தாள். முன்பைவிட மோசம், ரெண்டு விரல்தான் இருக்கிறது என்றானாம். அவள் முகம் வெளுத்துப்போனது. நான் டீ வாங்கி வர வெளியே போனேன்.

மார்ச் 12, புதன்

பஸ் வந்தது. நேராக நிற்கிறது. சென்னையில் யாரோ ஒரு மெக்கானிக் அடியில் போய் எல்லாவற்றையும் முறுக்கிவிட்டாராம். அதற்குள் நேரமாகிவிட்டது. சாய்ந்த வண்டியில் ஏற மாட்டோம் என்று நான்கு பேர் திரும்பிப் போய்விட்டார்களாம்.

"ஓனர் ஒரே சத்தமுங்க அக்கா" என்றான் சென்னியப்பன். பாவம், சொல்ல முடியாமல்தான் சொன்னான். "இனிமே அந்தம்மா என்ற வண்டியத் தொடக் கூடாதுன்னுட்டார். அண்ணன் மட்டும் பாக்கறதா இருந்தா விடு, இல்லாட்டி வேற பட்டறைக்கு ஓட்டிக்கோன்னார்."

"வுடுப்பா, பழகற கைதானே" என்றேன் நான். பெருந்தன்மையாகத்தான் இருந்தது, எனக்கே.

மதியம் பட்டறையில் யாரும் இல்லாதபோது மைலாவதி காற்று டேங்கின் குழாயை லேசாகத் திறந்து வைக்கச் சொன்னாள். டியூப்பைக் காதில் வைத்து ரொம்ப நேரம் நின்றாள்.

"கேக்கற மாதிரியும் இருக்குது, கேக்காத மாதிரியும் இருக்குதுங்க" என்றாள். "அன்னிக்கு எல்லா நட்டுலயும் வெச்சுப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. கசிஞ்சிருக்குது, எனக்குக் கேக்கல. தறிக்காரிக காது எத்தன நாளைக்கு இருக்கும்?"

மார்ச் 13, வியாழன்

அவள் பட்டறைக்கு வரவில்லை. இரண்டு லாரி. பிரேக் சேம்பர் ஒன்று, டிரையர் ஒன்று. வேலை சுத்தமாக முடிந்தது. பட்டறை அமைதியாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

சாயந்தரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

உண்மையில் நடுத்தரமாகத்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரியும். எழுத வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

நாமக்கல் டேங்கர் ஒன்று. நின்றால் காற்று இறங்குகிறது. காலை முதல் நுரை அடித்தேன். குவளையை ஒரு கையில், பிரஷை ஒரு கையில், டார்ச்சை வாயில். மதியம் இரண்டு மணிக்கு டிரைவர் எட்டிப் பார்த்து, "அக்கா இல்லீங்ளா?" என்றான். உடம்பு சரியில்லை என்றேன். "அப்ப அவங்க வந்தப்புறம் வர்றனுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் வண்டி போன பிறகு அந்த நைலான் டியூப்பை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். டேங்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு அடியாகத் தள்ளிப் போனேன். மூன்றாவது அடியில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பத்தடியில் கேட்பாள். இத்தனை வருடம் அதை அளந்து பார்க்காமல் இருந்தது எவ்வளவு நிம்மதி.

மார்ச் 19, புதன்

ஈரோட்டில் காது டாக்டர். பைக்கில் கூட்டிப்போனேன். வழியில் நான் பேசியதற்கெல்லாம் "என்னங்க?" என்று திருப்பிக் கேட்டாள். காற்றில் யாருக்கும் கேட்காதுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் கை என் தோளில் கொஞ்சம் இறுகியது.

ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே இருந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. விரலைத் தூக்கினாள். தூக்கினாள். தூக்கிக்கொண்டே இருந்தாள். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மிஷினைத் திருகினாள்.

கொஞ்சமாவது குறைந்திருந்தால் தேவலை என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "தறி ஓட்டினவங்க காதுன்னு சொன்னா நம்ப மாட்டேன்மா. உங்க வயசுல பாதி ஆளுக்கு இருக்கற காது" என்றார். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வருகிற வழி முழுக்கக் கையைத் தோளில் வைக்கவில்லை, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

மைலாவதி காலையிலேயே எங்கோ போய்விட்டு மதியம் வந்தாள். சாயந்தரம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் சென்னியப்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் இட்லி வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள்.

"ஏனுங்க, ஒவ்வொண்ணா அடைச்சு வெச்சுப் பாத்தனுங்க."

"எதை?"

"மொதல்ல என்ற காதை. அது நல்லா இருக்குதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார். அப்புறம் சாமானை. அதே நட்டு, அதே டியூப்பு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில முறுக்கித் தண்ணித் தொட்டியில முக்கிக் காத்தடிச்சுப் பாத்தோம். ஒரு குமிழி வரல. அப்புறம் சென்னையில முறுக்குனாரே, அவர் நம்பரைச் சென்னியப்பன்கிட்ட வாங்கிப் பேசுனேன். எல்லா நட்டும் இறுக்கமாத்தான் இருந்துச்சு, ஒண்ணு மட்டும் கால் திருப்பு கழண்டிருந்துச்சுன்னார். நான் போட்ட நட்டு."

"ரோட்டுல குலுங்கிக் கழண்டிருக்கும்" என்றேன்.

"அதையும் பாத்தேன். அவர் முறுக்கிப் பத்து நாளாச்சு. நேத்து சென்னியப்பன் ஸ்பேனர் வெச்சுப் பாத்தார், அசையவே இல்ல. ஒரு ராத்திரியில கழண்டது பத்து ராத்திரியில கழலாதுங்களா?"

சட்னியை இழுத்து வைத்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ஒண்ணுதான் மிச்சம் இருக்குதுங்க. நீங்க."

முறுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான் என்றேன். இந்த டைரியில் எழுதியதையே வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தீங்க?"

இருபத்திரண்டு வருட அனுபவம் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "குடோன்ல காது போன பொம்பளைகளப் பாத்திருக்கறனுங்க. வீட்ல எல்லாருக்கும் இளக்காரமாப் போயிருவாங்க. நானும் அப்படி ஆயிட்டேன்னு பத்து நாளா தூங்கல. டிவி சத்தமா இருக்குதான்னு உங்ககிட்டத்தான கேட்டேன்" என்றாள். "உங்க வேலைய நான் புடுங்க வரல. கூட நிக்கத்தான் வந்தேன்."

பிறகு எழுந்து தட்டை எடுத்துக்கொண்டாள். "நான் மறுபடி பட்டறைக்கு வரணும்னா, சென்னியப்பன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் இருக்கும்போது."

மார்ச் 22, சனி

சொன்னேன்.

காலை ஆறரை மணிக்கு, பஸ் வந்து நின்றதும். சென்னியப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். மைலாவதி பத்தடி தள்ளி நின்றாள், அவளுக்கு அங்கிருந்தே கேட்கும். "அன்னிக்கு அவ போட்ட நட்டைக் கழட்டி விட்டது நான்தாம்ப்பா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

அவன் வாயைக் கொப்பளித்தான். நிதானமாக முகத்தைத் துடைத்தான். திட்டுவான் என்று நின்றேன்.

"முப்பத்தாறு பேரு மேல படுத்திருந்தாங்கண்ணா" என்றான். அவ்வளவுதான் என்னிடம் பேசியது. பிறகு அவளிடம் போய், "ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன் அக்கா. இனி வண்டிய நீங்கதான் பாக்கணும். அண்ணன் அடியில போக வேண்டாம்" என்றான்.

அதைக் கேட்டபோதும், அந்த நிலைமையிலும், அவன் 'நீங்கதான்' என்று அழுத்திச் சொன்னது எனக்கு உறுத்தியது. இந்தப் பொறாமை எங்கிருந்து வருகிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். எதை அடைத்தாலும் கசிகிறது.

மார்ச் 24, திங்கள்

மைலாவதி பட்டறைக்கு வந்தாள். பையில் சாப்பாடு, டியூப், ஒரு சிவப்பு நகப்பூச்சு பாட்டில். அவள் நகப்பூச்சு போட்டு நான் பார்த்ததில்லை.

நாமக்கல் டேங்கர்தான் முதல் வண்டி. பதினோரு மணிக்குள் கசிவைக் கண்டுபிடித்துவிட்டாள். நட்டை முறுக்கினாள். டியூப்பை வைத்துக் கேட்டாள். பிறகு பாட்டிலைத் திறந்து, நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுத்தாள். ஊதி உலர்த்தினாள். நட்டு மயிரளவு திரும்பினாலும் கோடு முறிந்து தெரிந்துவிடும்.

"இது எதுக்கு?" என்றேன், தெரிந்தேதான்.

"ரோட்டுல குலுங்கிக் கழண்டா தெரியட்டும்னுதாங்க."

பிறகு சென்னியப்பன் பஸ்ஸிலும் இழுத்தாள். மூன்று வண்டி, ஒன்பது கோடு. ஒவ்வொன்றும் நேராக, அழகாக இருக்கிறது. என் கைக்கு அப்படி வராது.

சாயந்தரம் வண்டிகள் கிளம்புமுன் ஒன்பதையும் மறுபடி போய்ப் பார்த்தாள். பஸ்ஸின் லக்கேஜ் தட்டுக்குள் இருட்டாக இருந்தது. "சித்த டார்ச் அடிங்க" என்றாள். அடித்தேன். அவள் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்து முடிக்கும்வரை வெளிச்சம் விலகாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.